அச்சம் நகையாகத் திரியும் இடம்: திகில் தொடர்ச்சிப் படங்களில் கருதா நகையும் காட்சிநுட்பச் சீரின்மையும் – மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அச்சத்தை விளைவிக்கும் நோக்கில் எடுக்கப்படும் திகில் திரைப்படங்களின் தொடர்ச்சிப் பாகங்கள் பல, பார்வையாளரிடம் அச்சத்துக்கு மாறாகச் சிரிப்பை எழுப்பியுள்ளன. இச்சிரிப்புக்குக் காட்சிநுட்பத்தின் தரக்குறைவே காரணம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ‘ஜாஸ்’, ‘எக்சார்சிஸ்ட்’ ஆகிய இரு அமெரிக்கப் பட வரிசைகளை முதன்மைத் தரவுகளாகவும் ‘ஈவில் டெட் 2’ படத்தை ஒப்பீட்டுத் தரவாகவும் கொண்டு இவ்விளக்கம் போதாது என்பதை இக்கட்டுரை நிறுவுகின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சம், மருட்கை, நகை ஆகியவற்றின் நிலைக்களன்கள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. தொடர்ச்சிப் படம் அச்சத்தைக் கைவிட்டு மருட்கையை நாடுவதும், நாடிய மருட்கை நிறைவேறாதபோது நகையின் நிலைக்களன்கள் பாத்திரத்திலிருந்து படைப்பாளியை நோக்கி இடம்பெயர்வதுமே கருதா நகைக்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், மருட்கை, கருதா நகை, திகில் திரைப்படம், தொடர்ச்சிப் படம், காட்சிநுட்பம்.

1. முன்னுரை

1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘எக்சார்சிஸ்ட் 2: தி ஹெரெடிக்’ படத்தைத் திரையரங்கில் கண்டோர் அஞ்ச வேண்டிய இடங்களில் சிரித்தனர். அதன் இயக்குநர் ஜான் பூர்மன், படம் வெளியான பின்னரும் அதனைத் திருத்தித் தொகுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1973இல், வில்லியம் ஃபிரிட்கின் இயக்கிய முதற்படம் பார்வையாளரை நடுங்கச் செய்திருந்தது. அதே சிறுமி, அவளை நடித்த அதே லிண்டா பிளேர், அவளைப் பற்றிய அதே தீய ஆவி என அனைத்தும் இரண்டாம் படத்திலும் தொடர்ந்தன. ஆயினும் ஓரிடத்தில் அச்சமாக அமைந்தது மற்றோரிடத்தில் நகையாகத் திரிந்தது.

படைப்பாளர் நகைக்கெனக் கருதாத இடத்தில் காண்போரிடம் பிறக்கும் நகையை இக்கட்டுரை ‘கருதா நகை’ எனக் குறிக்கின்றது. இது திரைப்பட மதிப்புரைகளில் பெரும்பாலும் கேலிக்குரிய செய்தியாகவே பதிவாகின்றது. எனினும் கலைக்கொள்கை நோக்கில் இது எளிதில் கடந்துவிடக்கூடியதன்று. நிறைவேறிய மெய்ப்பாட்டை விளக்கும் ஒரு கொள்கை, நிறைவேறாத மெய்ப்பாட்டையும் விளக்க வல்லதா என்னும் வினாவை இந்நிகழ்வு எழுப்புகின்றது.

2. ஆய்வுச் சிக்கலும் எல்லையும்

கருதா நகைக்கு இருவகை விளக்கங்கள் பொதுவாகத் தரப்படுகின்றன. ஒன்று, காட்சிநுட்பம் மட்டமாக இருந்தமையால் சிரிப்பு எழுந்தது என்பது. மற்றொன்று, காலம் கடந்தமையால் பழைய நுட்பம் இன்றைய கண்ணுக்குச் சிரிப்பூட்டுகிறது என்பது. இவ்விரண்டும் உண்மையின் ஒரு கூற்றைத் தொடுகின்றன; முழுமையாக விளக்கவில்லை. 1975இல் உருவான எந்திரச் சுறா இன்றும் அச்சம் தருகின்றது; அதற்குப் பின் 1983இலும் 1987இலும் உருவான சுறாக்கள் நகைப்புக்கு இடமாயின. காலப்பழமையே காரணமாயின் முடிவு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ‘எக்சார்சிஸ்ட் 2’ படம் வெளியானபோதே சிரிப்புக்கு ஆளானமையும் காலம் என்னும் காரணத்தை வலுவிழக்கச் செய்கின்றது.

எனவே, காட்சிநுட்பத்தின் தரத்தைவிட அதன் சீரின்மையும், அச்சீரின்மை படத்தின் பிற உறுப்புகளோடு கொள்ளும் உறவுமே ஆராயத்தக்கவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். ‘சீரின்மை’ என்பது, ஒரே படத்துள் ஒரு காட்சியின் நுட்பம் நம்பத்தக்கதாகவும் அடுத்த காட்சியின் நுட்பம் செயற்கை வெளிப்படையாகத் தெரிவதாகவும் அமையும் ஏற்றத்தாழ்வைக் குறிக்கும்.

3. மெய்ப்பாட்டியல் தரும் கருவிகள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களை வகுக்கின்றது. இக்கட்டுரைக்கு அவற்றுள் மூன்று இன்றியமையாதவை. அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கின் வழியும், மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கின் வழியும், நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கின் வழியும் பிறக்கும்.

இம்மூன்று பட்டியல்களுக்கிடையே ஓர் அமைப்பு வேறுபாடு உண்டு. அச்சத்தின் நிலைக்களன்கள் அஞ்சுபவருக்குப் புறத்தே நிற்பவை. அவரைவிட ஆற்றல் மிக்கவை. மருட்கையின் நிலைக்களன்கள் பொருள்களின் பெயர்களாக அல்லாமல் பொருளின் தன்மைகளாக உள்ளன. நகையின் நிலைக்களன்களோ மாந்தரின் குறைபாட்டையோ முதிராமையையோ சார்ந்தவை. எள்ளல் பிறரைத் தான் எள்ளுவதாகவும் பிறரால் தான் எள்ளப்படுவதாகவும் இருவகைப்படும் எனப் பேராசிரியர் விளக்குவார். அஞ்சுபவர் தம்மினும் பெரிய ஒன்றின்முன் நிற்கிறார்; நகுபவர் தம்மினும் குறைபட்ட ஒன்றின்முன் நிற்கிறார். ஆகவே அச்சம் நகையாவதற்கு, பெரிதாகத் தோன்றியது சிறுத்துப்போக வேண்டும்.

மெய்ப்பாடு யாரிடத்து நிகழ்வது என்னும் வினாவும் இங்குப் பொருந்துவது. நிகழ்த்துவோர் வெளிப்படுத்திய உணர்வு காண்போரிடம் சென்று சேர்வதே மெய்ப்பாடு என்னும் கருத்தைச் செயிற்றியனார் கூற்றாக இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாள்கிறார். இவ்வரையறையின்படி, நிகழ்த்துவோர் அனுப்பியதும் காண்போர் பெற்றதும் ஒன்றாதல் வேண்டும். கருதா நகையிலோ அனுப்பப்பட்டது அச்சம், பெறப்பட்டது நகை. இவ்விடைவெளிக்கு மெய்ப்பாட்டியல் தனிப்பெயர் தரவில்லை. வடமொழி மரபில், நாட்டிய சாத்திரத்துக்கு உரை கண்ட அபிநவகுப்தர் பொருத்தமின்மையை நகையின் அடிப்படையாகக் கொண்டு, பிற சுவைகள் போலியாகத் திரியுமிடத்தும் நகை தோன்றலாம் என்றார். தமிழ் நிலைக்களன்களையும் இக்கருத்தையும் இணைத்துப் பார்க்கும்போது திகில் படத்தின் சரிவு தெளிவாகப் புலப்படுகின்றது.

4. விலங்கு: ‘ஜாஸ்’ வரிசை

4.1 காட்டாமையின் ஆற்றல்

பீட்டர் பெஞ்ச்லியின் புதினத்தைத் தழுவி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1975இல் இயக்கிய ‘ஜாஸ்’, அச்சத்தின் நிலைக்களன்களுள் விலங்கைச் சார்ந்தது. இப்படத்துக்கெனச் செய்யப்பட்ட எந்திரச் சுறாக்கள் உப்புநீரில் அடிக்கடி பழுதடைந்தன. 55 நாட்களில் முடிய வேண்டிய படப்பிடிப்பு 159 நாட்களுக்கு நீண்டது. சுறா இயங்காத நாட்களில் சுறா இல்லாமலே காட்சிகளை எடுக்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தது. இக்கட்டாயமே படத்தின் வலிமையாயிற்று.

தொடக்கக் காட்சியில் நீந்தச் செல்லும் பெண் இறக்கிறாள். அவளை இழுக்கும் விலங்கு ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. மற்றொரு காட்சியில், உடைந்து நீருக்குள் இழுத்துச் செல்லப்பட்ட மரத்துறையின் துண்டு ஒன்று திரும்பி, நீந்தும் மனிதனை நோக்கி வருகின்றது. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் மஞ்சள் பீப்பாய்கள் சுறாவின் இருப்பையும் வலிமையையும் உணர்த்துகின்றன. ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரு சுர இசை, விலங்கு அண்மையில் உள்ளதை அறிவிக்கின்றது. படத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடந்த பின்னரே சுறாவின் தலை படகுக்கு அருகில் தெளிவாக எழுகின்றது. அதற்குள் காண்போர் தம் மனத்துள் ஒரு சுறாவை முழுமையாகப் படைத்து முடித்திருக்கின்றனர்.

இப்படம் பெற்ற மூன்று ஆஸ்கர் விருதுகளும் படத்தொகுப்பு, இசை, ஒலி ஆகியவற்றுக்கே உரியன என்பது இங்குக் கருதத்தக்கது. அச்சத்தைத் தாங்கியது சுறாவின் உருவம் அன்று. அதனைச் சூழ்ந்த உறுப்புகள்.

முதற்படத்திலும் சீரின்மை இல்லாமலில்லை. இறுதிப் பகுதியில் சுறா படகின் பின்புறத்தில் ஏறி விழும் காட்சியில் அதன் செயற்கைத் தோல் கூர்ந்து நோக்குவார்க்குப் புலப்படும். ஆயினும் அங்கு நகை பிறப்பதில்லை. மூன்று மனிதர்களின் நிலையோடு காண்போர் அதற்குள் ஒன்றிவிட்டனர். அவர்களுள் ஒருவர் கண்முன் இறக்கிறார். முன்னரே சேர்ந்துவிட்ட அச்சம், நுட்பத்தின் சிறு பிசகைத் தாங்கிக்கொள்கின்றது. எனவே நுட்பப் பிசகு தனித்து நின்று நகையை விளைப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

4.2 அச்சத்திலிருந்து மருட்கைக்கு

தொடர்ச்சிப் படத்துக்கு இந்த வாய்ப்பு இல்லை. காண்போர் விலங்கை முன்னரே கண்டுவிட்டனர். அறியாமையால் விளையும் அச்சத்தை மீண்டும் எழுப்ப இயலாத நிலையில், படைப்பாளர் மேலும் பெரிதாகவும் மேலும் வெளிப்படையாகவும் காட்ட முற்படுகின்றனர். அச்சம் தன் இடத்தை மருட்கைக்கு விட்டுக்கொடுக்கின்றது.

ஜீனோ ஸ்வார்க் இயக்கிய இரண்டாம் படத்தில் (1978) சுறா மிகுதியாகவும் வெளிப்படையாகவும் காட்டப்படுகின்றது. அது வானூர்தி ஒன்றையும் தாக்கி வீழ்த்துகின்றது. முதற்படத்தின் கலை வடிவமைப்பாளரான ஜோ ஆல்வ்ஸ் இயக்கிய மூன்றாம் படமாகிய ‘ஜாஸ் 3-டி’ (1983), மருட்கையின் நிலைக்களன்களுள் இரண்டை நேரடியாக நாடுகின்றது. முதற்படத்தில் 25 அடியாக இருந்த சுறா இங்கு 35 அடியாக வளர்கின்றது, இது பெருமை. உருவங்கள் திரையிலிருந்து காண்போரை நோக்கி வருவதாகத் தோன்றும் முப்பரிமாண முறை கையாளப்படுகின்றது, இது புதுமை. முதல் சுறாவை வடிவமைத்தவரே இயக்கிய படம் என்பதால், திறமையின்மை என்னும் காரணத்தை இங்கு எளிதில் கூற இயலாது.

மருட்கைக்கும் அச்சத்துக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அச்சம் குறிப்பினாலும் பிறக்கும்; மருட்கை காட்சிப்பட்டாக வேண்டும். புதுமை ஒருமுறை கண்டவுடன் குறைந்துவிடும். பெருமையோ அளவு நம்பப்படும் வரையே நிலைக்கும். ஆதலின் மருட்கையை நாடும் படம் தன் முழுப் பாரத்தையும் காட்சிநுட்பத்தின்மேல் ஏற்றுகின்றது. நுட்பம் சரிந்தால் அதனைத் தாங்க வேறு உறுப்பு இல்லை.

மூன்றாம் படத்தின் உச்சக்காட்சி இதற்குத் தக்க சான்று. கடலடிக் கட்டுப்பாட்டறையின் கண்ணாடியை நோக்கிச் சுறா வருகின்றது. ஆனால் அது நீந்துவதாகத் தோன்றவில்லை. உடல் அசையாமல் உருவம் மட்டுமே பெரிதாகின்றது. கண்ணாடி உடைந்து, துண்டுகள் காண்போரை நோக்கி மெல்ல மிதந்து வருகின்றன. அதே படத்தில் உண்மைக் கடல்வாழ் உயிரினங்களும் உண்மையான நீரடிக் காட்சிகளும் இடம்பெறுகின்றன. உண்மை நீரைக் கண்டு பழகிய கண்ணுக்கு ஒட்டுச்சுறாவின் அசைவின்மை இருமடங்காகத் தெரிகின்றது. படம் முழுவதும் ஒரே அளவில் செயற்கையாக இருந்திருப்பின் காண்போர் அதனை ஒரு மரபாக ஏற்றிருக்கக் கூடும். பாவைக்கூத்தில் பாவையின் செயற்கை எவரையும் நகைக்கச் செய்வதில்லை. ஏற்றத்தாழ்வே ஒப்பீட்டைத் தூண்டுகின்றது. ஒப்பீடே நகைக்கு வாயிலாகின்றது.

இப்படம் தொலைக்காட்சியில் முப்பரிமாணமின்றிக் காட்டப்படும்போது சிக்கல் மேலும் கூடுகின்றது. திரையின் நடுவே காரணமின்றி மிதந்து நிற்கும் துண்டான கையும், காண்போரை நோக்கி நீட்டப்படும் பொருள்களும் தம் பயனை இழந்து வெற்றுச் சைகைகளாக நிற்கின்றன. உத்தியின் நோக்கம் மறைந்து உத்தி மட்டும் எஞ்சுவது தன்னளவில் நகைக்குரிய நிலை.

4.3 எந்திரம் வெளிப்படும் இடம்

ஜோசப் சார்ஜன்ட் இயக்கிய நான்காம் படமாகிய ‘ஜாஸ்: தி ரிவெஞ்ச்’ (1987), படப்பிடிப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே திரைக்கு வந்தது. இதில் சுறா ஒரு குடும்பத்தைப் பழிவாங்கும் நோக்குடையதாகவும், அக்குடும்பத்தினரைத் தொடர்ந்து அமெரிக்கக் கடற்கரையிலிருந்து பகாமாஸ் தீவுகள்வரை செல்வதாகவும் காட்டப்படுகின்றது. சுறா கடலுக்கு மேலே தலைநீட்டி உறுமுகின்றது. மீனுக்கு இல்லாத குரல் அதற்குத் தரப்பட்டவுடன், விலங்கு என்னும் நிலைக்களனே ஆட்டம் காண்கின்றது.

இறுதிக்காட்சி இருவகையாக அமைந்தது. முதலில் படகின் முன்முனை சுறாவைக் குத்திக் கொல்வதாக எடுக்கப்பட்டது. பின்னர் மாற்றி எடுத்த வடிவில், குத்தப்பட்ட சுறா காரணம் விளங்காமல் வெடித்துச் சிதறுகின்றது. சுறாவால் கவ்விச் செல்லப்பட்ட பாத்திரம் ஒன்று திருத்திய வடிவில் உயிருடன் மிதந்து வருகின்றது. முதற்படத்தில் சுறா வெடிப்பதற்கு அதன் வாயிலிருந்த அழுத்தக் காற்று உருளை காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. நான்காம் படம் காரணத்தை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. மிக மோசமான காட்சிநுட்பத்துக்கான கோல்டன் ராஸ்பெரி எள்ளல் விருது இப்படத்துக்குத் தரப்பட்டது.

உயிர்ப்பொருள் நெகிழ்ச்சியுடன் இயங்க வேண்டிய இடத்தில் எந்திரத்தின் விறைப்பைக் காட்டினால் நகை பிறக்கும் என்பது பிரெஞ்சு மெய்யியலார் ஆன்றி பெர்க்சன் 1900இல் முன்வைத்த கொள்கை. எந்திரச் சுறா இக்கொள்கைக்கு நேர்ப்பொருளில் எடுத்துக்காட்டாகின்றது. எனினும் முதற்படத்தின் சுறாவும் எந்திரமே. ஓரிடத்தில் எந்திரம் விலங்குக்குள் மறைந்திருந்தது; மற்றோரிடத்தில் விலங்கைத் துளைத்து எந்திரம் வெளிவந்தது.

5. அணங்கு: ‘எக்சார்சிஸ்ட்’ வரிசை

விலங்கைப் போல் அணங்குக்கு உலகில் காணத்தக்க முன்மாதிரி இல்லை. எனவே அணங்கின் அச்சம் அதனைச் சூழ்ந்த உலகின் நம்பகத்தன்மையைச் சார்ந்தே நிற்கும். முதற்படம் இதனை உணர்ந்து இயங்கியது. ஃபிரிட்கின் சிறுமியின் அறையைக் குளிரூட்டி, நடிகர்களின் மூச்சு உண்மையாகவே ஆவியாகத் தெரியுமாறு செய்தார். பேய் ஓட்டும் சடங்குக்கு முன்னர் மருத்துவமனைச் சோதனைகள் நீண்ட நேரம் காட்டப்படுகின்றன. குழந்தைக்கு நோய் என்றே தாய் நம்புகிறாள். காண்போரும் அவளுடன் சேர்ந்து ஒவ்வொரு மருத்துவ விளக்கமும் தோற்பதைக் காண்கின்றனர். தலை முழுமையாகத் திரும்பும் காட்சி தனித்து நோக்கின் நகைக்கத்தக்கதே. அதற்கு முன் நிகழ்ந்தவையே அதனை அச்சமாக்குகின்றன.

இப்படத்தின் ஒப்பனையாளர் டிக் ஸ்மித். அவர் செய்த பணிகளுள் சிறுமியின் சிதைந்த முகம் புகழ்பெற்றது. ஆனால் நாற்பதுகளின் நடுவில் இருந்த மாக்ஸ் வான் சிடோவை முதிய பாதிரியாராக மாற்றியதும் அவரே. அம்முதுமை ஒப்பனை எனத் தோன்றாமையே அதன் வெற்றி. காட்சிநுட்பம் மறைந்து நிற்கும் இடமும் வெளிப்பட்டு நிற்கும் இடமும் இப்படத்தில் ஒரே தரத்தில் அமைந்தன, இதுவே சீர்மை.

இரண்டாம் படம் இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. இருவரின் தலையில் பட்டைகளைப் பொருத்தி, ஒளியை விட்டுவிட்டு மின்னச் செய்து, இருவரையும் ஒரே அறிதுயிலில் ஆழ்த்தும் கருவி ஒன்று கதையின் மையமாகின்றது. முதற்படத்தில் அறிவியல் தோற்ற இடத்தில் அணங்கு தோன்றியது; இங்கோ அறிவியலே அணங்கினும் நம்பத்தகாததாக உள்ளது. வெட்டுக்கிளிகளின் பார்வையிலான பறத்தல் காட்சிகள் சிலவற்றில் உண்மையான அழகு உண்டு. ஆனால் ஆப்பிரிக்க நிலக்காட்சிகள் படப்பிடிப்பு அரங்கில் அமைக்கப்பட்டவை என்பது வெளிப்படையாகத் தெரிகின்றது. வெட்டுக்கிளி வடிவத் தலையணியுடன் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் தோன்றுகிறார். ரிச்சர்ட் பர்ட்டன் ஒவ்வொரு வசனத்தையும் பெருந்துயர் நாடகத்துக்குரிய கனத்துடன் பேசுகிறார்.

இங்கு நகையை விளைப்பது பர்ட்டனின் நடிப்புக் குறை எனல் பொருந்தாது. மாறாக, நடிப்பின் கனம் குறையாமல் இருப்பதே நகையை விளைக்கின்றது. சொல்லின் கனத்துக்கும் காட்சியின் எளிமைக்கும் இடையிலான தொலைவு கூடக்கூட நகை கூடுகின்றது. தோல்வியுற்ற பெருமுயற்சியும் தன்னையறியாத தீவிரமும் சேருமிடத்தில் இத்தகைய சுவை தோன்றும் என்பதைச் சூசன் சொன்டாக் 1964இல் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். காண்போர் விரும்பியதைத் தாம் தரவில்லை எனப் பின்னர் பூர்மனே ஒப்புக்கொண்டார். அவர் அச்சத்தை விட்டு மருட்கையை நாடியவர். சிறுமியின் துன்பத்தை மீண்டும் காட்டாமல் ஓர் ஆன்மிகக் கதையைச் சொல்ல விரும்பியவர். நோக்கத்தின் உயர்வு நகையிலிருந்து காப்பதில்லை. சில வேளைகளில் வீழ்ச்சியின் உயரத்தையே அது கூட்டுகின்றது.

மூல ஆசிரியர் வில்லியம் பீட்டர் பிளாட்டி தாமே எழுதி இயக்கிய ‘எக்சார்சிஸ்ட் 3’ (1990) தொடர்ச்சிப் படம் நகையாகவே முடிய வேண்டும் என்பதற்கு எதிர்ச்சான்று. மருத்துவமனை இடைவழிக் காட்சியில் நெடுநேரம் அசையாத காமிரா, இரவுப் பணியிலுள்ள செவிலியின் சிறுசிறு அசைவுகளைத் தொலைவிலிருந்து காட்டுகின்றது. பின்னர் ஒரு நொடியில் வெள்ளைத் துணி போர்த்த உருவம் அவர் பின்னால் வெளிப்படுகின்றது. காட்சிநுட்பம் என ஏதும் இல்லை, அச்சம் நிறைவேறுகின்றது. ஆனால் தயாரிப்பாளர்களின் வற்புறுத்தலால் சேர்க்கப்பட்ட இறுதிப் பேயோட்டும் சடங்கு, நெருப்பும் மின்னலும் பிளக்கும் தரையுமாக வேறொரு படத்திலிருந்து வந்ததுபோல் நிற்கின்றது. ஒரே படத்துள் அச்சமும் மருட்கையும் எவ்வாறு முரண்படும் என்பதற்கு இது தெளிவான சான்று.

6. கருதிய நகை: ஓர் ஒப்பீடு

நான்காம் ‘ஜாஸ்’ படம் வெளிவந்த அதே 1987ஆம் ஆண்டில் சாம் ரெய்மியின் ‘ஈவில் டெட் 2’ படமும் வெளிவந்தது. இதிலும் செயற்கை வெளிப்படையாகத் தெரிகின்றது. சுவரில் மாட்டிய மான்தலை சிரிக்கின்றது. விளக்கும் நூல்களும் உடன் சிரிக்கின்றன. பிதுங்கிய கண் பறந்து சென்று ஒருவர் வாயில் விழுகின்றது. நுட்பத்தின் தரத்தை மட்டும் கணக்கிட்டால் இவையும் கருதா நகையில் அடங்க வேண்டும். ஆனால் எவரும் அவ்வாறு கொள்வதில்லை.

காரணம், படம் தன் நகையை முன்னரே உணர்த்திவிடுகின்றது. தீய ஆவி பற்றிய தன் கையைக் கதைத்தலைவன் தானே வெட்டி, ஒரு வாளிக்கு அடியில் அடைத்து, வாளியின்மேல் நூல்களை வைக்கிறான். மேலே இருப்பது எர்னஸ்ட் ஹெமிங்வேயின் போர்ப் புதினம். அதன் ஆங்கிலத் தலைப்பில் ‘படைக்கலம்’ என்னும் பொருள் தரும் சொல்லே ‘கை’ என்னும் பொருளும் தரும். எனவே தலைப்பு ‘கைகளுக்கு விடைகொடுத்தல்’ எனவும் பொருள்படும். இத்தகைய இரட்டுறமொழிதலைத் தற்செயல் என ஒருவரும் கருதார். படைப்பாளி காண்போருக்கு முன்னரே நகைத்துவிட்டான் என்பதற்கு இது சான்று. அதன்பின் எழும் நகையில் படைப்பாளியும் காண்போரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர்.

திகிலில் தோன்றும் உரு அச்சுறுத்துவதாகவும் இயல்புக்கு மாறுபட்டதாகவும் ஒருங்கே இருக்க வேண்டும். அச்சுறுத்தல் நீங்கினால் மாறுபாடு மட்டும் எஞ்சி நகைக்கு இடமாகும் என்பது நோயல் கரோல் தரும் விளக்கம். ரெய்மி அச்சுறுத்தலை வேண்டும்போது தளர்த்தி, வேண்டும்போது இறுக்குகிறார். தொடர்ச்சிப் படங்கள் பலவற்றில் அது படைப்பாளியின் கையை மீறித் தளர்ந்துவிடுகின்றது.

7. நகையின் நிலைக்களன்களும் கருதா நகையும்

மேற்கண்ட தரவுகளை நகையின் நான்கு நிலைக்களன்களோடு பொருத்தும்போது பின்வருவன புலனாகின்றன.

இளமை: உரையாசிரியர்கள் இதனைக் குழவிப் பருவத்தின் செயல்களோடு சார்த்துவர். முதிராமை எனப் பொருள் விரித்தால், கடலின் பெருவிலங்காகக் காட்டப்பட்டது விளையாட்டுப் பொம்மையாகத் தோன்றும் கணம் இதன்பாற்படும். 35 அடிச் சுறா சிறுவர் கைப்பொருளாகச் சுருங்கும்போது பெருமை என்னும் மருட்கைக் களன் இளமை என்னும் நகைக் களனாக மாறுகின்றது.

பேதைமை: சுறாவைக் கண்டு அஞ்சும் குடும்பம் மீண்டும் கடலோரத்துக்கே செல்வது பாத்திரத்தின் அறியாமை. ஆனால் காண்போர் அதனைப் பாத்திரத்தின் குறையாகக் கொள்ளாமல் கதையாக்கியோரின் குறையாகக் கொள்கின்றனர்.

மடன்: பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமை என்பது இதன் மரபுவழிப் பொருள். தொடர்ச்சிப் படத்தின் இயல்பையே இச்சொல் சுட்டுவதாகக் கொள்ளலாம். நான்காம் ‘ஜாஸ்’ படத்தில் கதைத்தலைவி எல்லென், முதற்படத்தில் தான் உடனிராத நிகழ்வுகளையும் நினைவுகூர்வதாகக் காட்டப்படுகிறாள். முந்தைய படத்தின் வெற்றிக்காட்சியை விட மனமின்றி, அது யாருடைய நினைவு என்பதையும் ஆராயாமல் பற்றிக்கொண்டதன் விளைவு இது.

எள்ளல்: முன்னைய மூன்றும் சேருமிடத்தில் காண்போரிடம் எழுவது எள்ளல். இது தனியொருவரிடம் தோன்றினும் அரங்கில் விரைந்து பரவும். அச்சத்தால் அடங்கியிருந்த அரங்கில் ஒருவர் சிரித்துவிட்டால், பிறரும் தாம் அஞ்சவில்லை என்பதைச் சிரித்து அறிவிக்கின்றனர். அதன்பின் வரும் நல்ல காட்சியும் அச்சம் தருவதில்லை.

இந்நான்கையும் ஒருசேர நோக்கின் ஒரு பொதுவிதி கிடைக்கின்றது. கருதிய நகையில் இளமையும் பேதைமையும் மடனும் பாத்திரத்தின்மேல் நிற்கின்றன; எள்ளலைப் படைப்பாளி நடத்துகிறான். கருதா நகையில் அவை பாத்திரத்தை விட்டு நீங்கிப் படைப்பாளியின்மேல் ஏறுகின்றன. எள்ளலைக் காண்போர் நடத்துகின்றனர். நாடகத்தின் உள்ளே நிற்க வேண்டிய நகைக்களன் அதன் புறத்தே இடம்பெயர்கின்றது. நிகழ்த்துவோரிடமிருந்து காண்போருக்குச் செல்ல வேண்டிய மெய்ப்பாடு, நிகழ்த்துவோரையே பொருளாகக் கொண்டு காண்போரிடம் தோன்றுகின்றது. இதனைத் ‘திரிந்த மெய்ப்பாடு’ எனப் பெயரிடலாம்.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

• கருதா நகைக்குக் காட்சிநுட்பத்தின் தரக்குறைவு தனிக்காரணம் அன்று. ஒரே படத்துள் நுட்பத்தின் ஏற்றத்தாழ்வும், நுட்பத்துக்கும் நடிப்பு, கதை, ஒலி ஆகிய பிற உறுப்புகளுக்கும் இடையிலான பொருத்தமின்மையும் சேர்ந்தே அதனை விளைக்கின்றன.

• தொடர்ச்சிப் படம் அறியப்பட்ட பொருளை மீண்டும் அச்சப்பொருளாக்க வேண்டிய நெருக்கடியில் உள்ளது. இந்நெருக்கடி அதனை அச்சத்திலிருந்து மருட்கைக்குத் தள்ளுகின்றது. மருட்கை காட்சிநுட்பத்தை மட்டுமே சார்ந்திருத்தலால் எளிதில் சரிகின்றது.

• முன்னர்ச் சேர்ந்த அச்சம் நுட்பப் பிசகைத் தாங்கும். அச்சம் சேராத இடத்தில் சிறு பிசகும் நகையாகும். ‘ஜாஸ்’ முதற்படமும் ‘எக்சார்சிஸ்ட் 3’ படத்தின் இடைவழிக் காட்சியும் இதனை உறுதிப்படுத்துகின்றன.

• நகையின் நிலைக்களன்கள் பாத்திரத்திலிருந்து படைப்பாளிக்கு இடம்பெயர்வதே கருதா நகையைக் கருதிய நகையிலிருந்து பிரிக்கும் வரம்பு.

மெய்ப்பாட்டியல் நிறைவேறிய உணர்வின் இலக்கணமாகவே பெரிதும் பயிலப்பட்டு வருகின்றது. அதன் நிலைக்களன்களை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி நோக்கும்போது, நிறைவேறாத உணர்வு எவ்வழியே எங்குச் சென்று விழும் என்பதையும் அது காட்டவல்லது என்பதை இத்தரவுகள் உணர்த்துகின்றன. அழுகை நகையாகத் திரியும் துன்பியல் படங்களுக்கும், பெருமிதம் நகையாகத் திரியும் வீரக்கதைப் படங்களுக்கும் இவ்வணுகுமுறையை விரிக்க இடமுண்டு. அச்சம் தரத் தவறிய ஒரு சுறாவின் எந்திர அசைவு, அச்சம் எதனால் ஆனது என்பதை வெற்றிபெற்ற சுறாவினும் தெளிவாகக் காட்டிவிடுகின்றது.